மௌனம் பூச்சியமன்று

கணினி என்னும் பொறி மனிதன் கைக்கு எட்டிய நாள் முதலாக, அதனைப் பற்றிய நம்பிக்கையொன்றும் கூடவே வளர்ந்து வந்துள்ளது. மனிதன் மறப்பான், பொறி மறவாது. மனிதன் உறங்குவான், பொறி விழித்திருக்கும் என்பதே அந்நம்பிக்கை. மலைநாட்டின் சரிவுகளிலே தன்னியக்க மழைமானிகளும் பிற உணரிகளும் நிறுவப்பட்டுவரும் இக்காலத்தில், லயங்களில் உறங்கும் மக்களின் உயிர்கள் அந்நம்பிக்கையின் மீது ஏற்றி வைக்கப்படுகின்றன. ஆதலின் அதனைக் கூர்ந்து நோக்குதல் கடமையாகின்றது. பொறியும் உறங்கும் என்பதே உண்மை. எப்பொழுது உறங்குவது, எவ்வாறு எழுவது, எழும்பாது போனால் யாது செய்வது என்பன யாவும் எவரோ ஒருவர் எழுதிவைத்த விதியின்படியே நடைபெறுகின்றன. அவ்விதி பிழையாயின் பொறியின் விழிப்பும் பொய்யே.

கணினியில் இயங்கும் செய்நிரல் மழைமானியை நேரே தொடுவதில்லை. இடையிலே பணிசெயல் முறைமை நிற்கின்றது. அம்முறைமையினுள் ஒவ்வொரு வகைச் சாதனத்துக்கும் பொறுப்பாகச் சாதனச் செலுத்தி எனப்படும் நிரற்பகுதியொன்று உண்டு. செய்நிரல் 'வாசித்துத் தா' என்று கேட்கும். செலுத்தி தனது இடைத்தேக்கத்தைப் பார்த்து, தரவு இருந்தால் எடுத்துக் கொடுக்கும். இவ்வளவில் சிக்கல் யாதும் இல்லை. கேட்ட கணத்தில் தரவு இல்லையெனின் செய்வது யாது என்பதே வினா.

இவ்வினாவுக்கு இரு விடைகள் உள்ளன. கேட்ட செய்நிரலைக் காத்திருப்போர் வரிசையிற் சேர்த்து உறங்கவைப்பது முதலாவது விடை. அது உறங்கும்போது செயலி பிற பணிகளைக் கவனிக்கும். சாதனத்திலிருந்து தரவு வந்ததும் குறுக்கீடு ஒன்று எழும். செலுத்தி தரவை இடைத்தேக்கத்தில் வாங்கி வைத்து, வரிசையில் உறங்கும் செய்நிரலை எழுப்பிவிடும். எழுந்த செய்நிரலும் உடனே நம்பிவிடக் கூடாது. வேறொன்று முந்திக்கொண்டு தரவை எடுத்துச் சென்றிருக்கலாமாதலால், மீண்டும் ஒருமுறை இடைத்தேக்கத்தைப் பார்த்தல் வேண்டும். இதனைக் காத்திருக்கும் வாசிப்பு எனலாம். உறங்கவைக்காமல், 'இப்பொழுது இல்லை, மீண்டும் வா' என்று உடனே திருப்பி அனுப்புவது இரண்டாவது விடை. இது காத்திராத வாசிப்பு. யுனிக்ஸ் வழிவந்த முறைமைகளில் ஓ நொன்புளொக் என்னும் கொடியுடன் சாதனத்தைத் திறந்தால் இவ்வகை வாசிப்பே நிகழும். அப்பொழுது திரும்பி வரும் பிழைக்குறியின் பெயர் ஈஏகெயின் என்பது. 'மீண்டும் முயல்க' என்பது அதன் பொருள்.

தோட்டத்து வாழ்வை அறிந்தோர்க்கு இவ்விரண்டும் புதியனவல்ல. முன்னாளில் விடியுமுன்னே தப்படித்துத் தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்புவது வழக்கம். பகலெல்லாம் மலையேறி இறங்கிய பெண், விடிந்துவிட்டதா என்று இரவில் நாழிகைக்கொரு தரம் எழுந்து பார்ப்பதில்லை. தப்பொலி எழுப்பும் என்னும் உறுதியில் அவள் உறங்கினாள். அது காத்திருக்கும் வாசிப்பு. தோட்டக் காரியாலயத்துக்குக் கடிதம் வந்ததா என்று நாள்தோறும் சென்று கேட்டு, 'இன்றைக்கு இல்லை, நாளைக்கு வா' என்னும் விடையோடு லயத்துக்குத் திரும்பியவரின் நிலை காத்திராத வாசிப்பு. முன்னையதில் நடை மிச்சம். ஆயின் தப்படிப்பவன் வாராது போனால் அன்றைய பெயர் போயிற்று. பின்னையதில் பிறர் கையை எதிர்பார்த்தல் இல்லை. ஆயின் கால் தேய்கின்றது.

இவ்விரண்டிலும் எது சிறந்தது என்னும் வாதம் கணினி கற்போரிடையே ஓயாது நடைபெறுகின்றது. ஒருசாரார் காத்திருத்தல் பழமை என்பர். காத்திராமையே வேகம், அதுவே புதுமை என்பர். இக்கூற்று பொருந்தாது. காத்திராத வாசிப்பை மட்டுமே நம்பி, இடைவெளியின்றி 'இருக்கிறதா, இருக்கிறதா' என்று கேட்டுக்கொண்டேயிருக்கும் செய்நிரல் எந்த வேலையையும் விரைவாகச் செய்வதில்லை. கேட்பதொன்றையே வேலையாகக் கொண்டு அது செயலியை முழுவதும் விழுங்குகின்றது. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு குன்றில் ஞாயிற்றொளியால் மின்னூட்டம் பெறும் நிலையமொன்று இருப்பதாகக் கொள்வோம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் நாட்கணக்காக அங்கு முகில் விலகாது. அந்நாட்களில் மின்கலத்திலுள்ள சிறு சேமிப்பையும் வீண் கேள்வியிற் செலவிடும் செய்நிரல், மழை உச்சத்தை அடையும் நாளிலே தானும் அணைந்துபோகும். வேகம் என்று போற்றப்பட்டதன் முடிவு இதுவே.

மறுசாரார் இதற்கு நேரெதிர். வாசிக்கச் சொல்லிவிட்டு உறங்குவதே எளிமை. தரவு வந்தால் முறைமை எழுப்பும். நிரல் எழுதுபவர் கவலை கொள்ள வேண்டியதில்லை என்பர். எளிமை உண்மைதான். ஒரு சாதனம், ஒரு செய்நிரல், அறாத கம்பி என்னும் மூன்றும் வாய்த்தவிடத்து அதனினும் சிறந்த முறை இல்லை. ஆயின் மலைச்சரிவில் இம்மூன்றும் ஒருங்கே வாய்ப்பது அரிது. மூன்று மானிகளைக் கவனிக்க வேண்டிய செய்நிரல் முதலாவதன் வாயிலிற் படுத்து உறங்கினால், மற்றை இரண்டும் கதறினும் அதற்குக் கேட்பதில்லை. மண் சரிந்து கம்பி அறுந்ததாயின் குறுக்கீடு என்றைக்கும் எழாது. எழுப்புவார் இல்லாத செய்நிரல் என்றைக்கும் உறங்கும். மேலும், செலுத்தியை எழுதியவர் அவ்வுறக்கத்தைக் குறிப்பொலிகளாலும் கலைக்கவியலாத வகையினதாக ஆக்கியிருந்தால், அச்செய்நிரலை அழித்துப் புதிதாகத் தொடங்குவதும் இயலாது. வெளியே இருந்து நோக்குபவருக்கோ அது ஒழுங்காகக் காத்திருப்பது போன்றே தோன்றும். அமைதியான இரவில் உறங்கும் காவலனுக்கும் உயிர் நீத்த காவலனுக்கும் தொலைவிலிருந்து நோக்குமிடத்து வேற்றுமை தெரிவதில்லை.

எனவே இருசாரார் வாதமும் குறையுடையது. இக்குறையைக் களையும் கருவிகள் அண்மையில் தோன்றியவையும் அல்ல. பல சாதனங்களை ஒருங்கே நோக்கி, அவற்றுள் எது முந்தித் தரவு தந்தாலும் எழுவதற்கும், குறித்த நேரத்துள் எதுவும் தராவிடினும் எழுவதற்கும் உதவும் 'செலெக்ட்' என்னும் அழைப்பு, பேர்க்லி பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் 4.2 பதிப்பில் 1983ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. தொடர்நிலைக் கம்பியில் வரும் தரவுக்கு எத்தனை பத்திலொரு விநாடிகள் காத்திருப்பது என வரையறுக்கும் வசதியும் யுனிக்ஸ் முறைமைகளில் நெடுங்காலமாக உண்டு. உறங்கலாம், ஆயின் எல்லையிட்டு உறங்க வேண்டும் என்னும் நெறி நாற்பதாண்டுகளுக்கு மேற்பட்டது. இன்றும் எல்லையற்ற உறக்கத்தை எழுதிவைப்பவர் அறியாமையைக் காரணங்காட்டித் தப்பவியலாது.

இவற்றினும் கொடிய பிழை ஒன்றுண்டு. இக்கட்டுரையின் முதன்மைக் குற்றச்சாட்டும் அதுவே. தரவு இல்லை என்பதைத் தரவு பூச்சியம் என்று எழுதிவிடுதலே அப்பிழை.

கணினி வரலாற்றிலேயே இப்பிழைக்குப் பெயர்பெற்ற சான்று உண்டு. யுனிக்ஸ் முறைமையின் சிஸ்டம் ஐந்து என்னும் கிளையில், காத்திராத வாசிப்புக்கு ஓ என்டிலே என்னும் கொடி வழங்கிற்று. அக்கொடியுடன் முனையத்தையோ குழாயையோ வாசிக்கும்போது தரவு இல்லையெனின், வாசிப்பு பூச்சியம் என்னும் எண்ணைத் திருப்பித் தந்தது. ஆயின் அதே பூச்சியம் 'முடிந்துவிட்டது, இனி எதுவும் வாராது' என்பதற்கும் குறியாக இருந்தது. 'இன்னும் வரவில்லை' என்பதும் 'இனி வாராது' என்பதும் ஒரே குறியால் உணர்த்தப்பட்டன. இக்குழப்பத்தை நீக்கவே 1988ஆம் ஆண்டின் பொசிக்ஸ் நியமம் ஓ நொன்புளொக் என்னும் புதிய கொடியை வகுத்து, தரவு இல்லாவிடத்துப் பூச்சியத்தைத் தருதல் ஆகாது, பிழைக்குறியையே தருதல் வேண்டும் என விதித்தது. ஓர் எண்ணுக்கு இரு பொருள் கற்பித்ததைத் திருத்துவதற்கு ஒரு நியமமே வேண்டியிருந்தது. முறைமை திருந்திவிட்டது. அதனைப் பயன்படுத்துவோர் திருந்தினரா என்பதே கேள்வி. செலுத்தி 'மீண்டும் முயல்க' என்று தெளிவாகக் கூறிய பின்னரும், அதனைப் பொருட்படுத்தாது அட்டவணையின் அந்தக் கட்டத்திற் பூச்சியம் என்று நிரப்பும் செய்நிரலை எழுதுதல் எவர்க்கும் எளிது. பிழைச் செய்தியும் எழாது. அட்டவணையும் அழகாக நிரம்பிவிடும்.

அவ்வழகின் விலையைக் கணக்கிட்டுப் பார்த்தல் தகும். மண்சரிவு அபாயம் தொடர்பிலே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழைவீழ்ச்சிக்குப் படிநிலைகள் வகுத்துள்ளது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைக் கடந்தால் விழிப்பு நிலை. 100 மில்லிமீற்றரைக் கடந்தால் எச்சரிக்கை. 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ, ஒரு மணித்தியாலத்திலேயே 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேற்றம். வட்டவளை, நோர்வூட் போன்ற மேற்குச் சரிவுகளில் மணித்தியாலத்துக்கு 6 மில்லிமீற்றர் வீதம் ஒரு நாள் முழுதும் மழை பெய்கின்றது என்று கொள்வோம். மொத்தம் 144 மில்லிமீற்றர். எச்சரிக்கை நிலையைக் கடந்து வெளியேற்றத்தின் வாயிலை அது எட்டிவிட்டது. அந்நாளில் 12 மணித்தியாலம் மானியுடனான தொடர்பு அற்றுப்போய், அந்நேரத்துக்குச் செய்நிரல் பூச்சியம் எழுதியதாயின், கணக்கில் வருவது 72 மில்லிமீற்றர் மட்டுமே. முதலாவது படிநிலையைக்கூட அது எட்டவில்லை. மலை இடியும் நிலையில் இருக்கையிலே அட்டவணை 'யாதும் இல்லை' என்கின்றது. இங்கே எந்தக் கருவியும் பொய் கூறவில்லை. மானி தான் அளந்ததைச் சரியாகவே அளந்தது. செலுத்தியும் இல்லாததை இல்லை என்றே கூறிற்று. இல்லை என்பதைப் பூச்சியம் என்று மொழிபெயர்த்தவரே பொய் கூறியவர்.

தொடர்பு அறுவது கற்பனையும் அன்று. பெருமழையே கம்பியை அறுக்கின்றது, மின்சாரத்தை நிறுத்துகின்றது, தொலைத்தொடர்புக் கோபுரத்தைச் செயலிழக்கச் செய்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் தாக்கி, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலே மலைகள் சரிந்த நாட்களிற் பல இடங்களில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் ஒருங்கே அற்றன. அபாயம் மிகுமிடத்தே மௌனமும் மிகும் என்பது இதனாற் புலனாகும். அவ்வாறாயின் மலைநாட்டிலே மானியின் மௌனத்தை நலத்தின் அடையாளமாகக் கொள்வது அறியாமை. அதனை அபாயத்தின் அடையாளமாகக் கொள்வதே அறிவுடைமை.

பிழை மழையோடு நிற்பதும் இல்லை. பல தோட்டங்களிற் கொழுந்து நிறுக்க மின்னணுத் தராசுகள் பயன்படுகின்றன. தராசு நிலைகொள்ளுமுன் வாசித்த எடையும், வாசிக்கவே இயலாது போன எடையும், உண்மையிலேயே கூடை வெறுமையாக இருந்ததும் ஒரே கட்டத்தில் ஒரே எண்ணாகப் பதியப்படுமாயின், ஒரு பெண்ணின் அரைநாள் உழைப்பு எழுத்தின்றி அழிந்துபோம். சாக்குக்கும் ஈரத்துக்கும் எனக் கழிக்கப்படும் கிலோக்களுக்காக வாதாடியே தலைமுறைகளைக் கழித்தவர்கள் இம்மக்கள். கங்காணியோடும் கணக்கப்பிள்ளையோடும் வாதாடலாம். அட்டவணையோடு யார் வாதாடுவது?

இவையெல்லாம் பொறியியலாளரின் துறை. கலைப்பீடத்தார்க்கு இதில் யாது வேலை என்று வினவுவோர் உளர். இவ்வினாவுக்கு விடையிறுத்தல் வேண்டும். கம்பியை எவ்வாறு இணைப்பது, குறுக்கீட்டை எவ்வாறு கையாள்வது என்பன பொறியியலாளரின் துறையே, அதில் ஐயமில்லை. ஆயின் மௌனத்துக்கு யாது பொருள் கொள்வது என்பது பொறியியல் வினாவன்று. எவ்வளவு நேரம் காத்திருந்த பின் அஞ்சத் தொடங்குவது, வீணான எச்சரிக்கையால் விளையும் ஒருநாட் சம்பள இழப்புக்கும் எச்சரியாமையால் விளையும் உயிரிழப்புக்கும் இடையே எதனை ஏற்பது என்பவற்றைச் செயலி தீர்மானிப்பதில்லை. அவை நீதி பற்றிய வினாக்கள். வரலாறும் மெய்யியலும் சமூகவியலும் பயில்வோர் இவ்வினாக்களிலிருந்து ஒதுங்கி நிற்பாராயின், அவற்றுக்கான விடையை நிரல் எழுதும் ஒருவர் அவசரத்தில், ஒற்றை வரியில் எழுதிவிடுவார். பின்னர் அந்த வரியே சட்டமாகும்.

மேலும், மௌனத்தைப் பூச்சியமாகக் கொள்ளும் வழக்கம் கணினியோடு இந்நாட்டுக்கு வந்ததன்று. மலையகத் தமிழரின் வரலாறு அதற்குச் சான்று பகரும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரைக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் தீர்மானிக்கப்படும் என்றது. 'மீண்டும் முயல்க' என்னும் குறியை ஓர் ஒப்பந்தமே ஒன்றரை இலட்சம் மனிதருக்கு வழங்கிய நிகழ்ச்சி இது. பத்தாண்டுகள் கழித்து, 1974இல், அவர்களையும் பாதிபாதியாகப் பங்கிட்டனர். அதன் பின்னும் எஞ்சியோரின் காத்திருப்பு, 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை நீடித்தது. இவ்வளவு காலமும் எந்தப் பக்கத்துக்கும் விடை கூறப்படாதோர், வாக்காளர் இடாப்பில் எவ்வாறு எண்ணப்பட்டனர்? பூச்சியமாகவே எண்ணப்பட்டனர். விடை வரவில்லை என்பது ஆளே இல்லை என்று எழுதப்பட்டது. இதனை அறிந்த சமூகம், அதே பிழை இன்னோர் உருவத்தில் வரும்போது இனங்காணாதிருத்தல் தகாது.

ஈண்டு மறுப்பொன்று எழக்கூடும். எச்சரிக்கை கிடைத்தபோதும் மக்கள் அசையவில்லையே, பொறியைக் குறை கூறுவதேன் என்பர். 2014 ஒக்ரோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுட் புதைந்தபோது இவ்வாதமே எழுப்பப்பட்டது. 2005இலும் 2011இலும் அவ்விடம் ஆபத்தானதென எச்சரிக்கப்பட்டிருந்தது என அதிகாரிகள் கூறினர். அக்கூற்றை அவ்வாறே ஏற்றுக்கொண்டாலும் அது மக்களுக்கெதிரான சான்றாகாது. எச்சரிக்கை சென்றடைந்தது, எங்கே போவது என்பதற்கு விடை சென்றடைந்ததா? லயம் தொழிலாளருக்குச் சொந்தமன்று. அது நிற்கும் நிலமும் அவர்களுடையதன்று. 1970களில் அரசுடைமையான நிலம் 1992 முதல் கம்பனிகளின் முகாமையின்கீழ் வந்தது. வேறிடத்திற் குடியேற விரும்பும் தொழிலாளி, கம்பனி, அமைச்சு, பிரதேச செயலகம் என்று பல வாயில்களிற் கேட்டு, ஒவ்வொன்றிலும் 'இப்பொழுது இல்லை' என்னும் விடையையே பெறுவார். கேட்டவர் மக்கள், உறங்கியது மறுபக்கம். மக்கள் அசையவில்லை என்று கூறுவோர், எவருடைய வாசிப்பு நிறைவேறாது நின்றது என்பதைத் தலைகீழாக்கிக் கூறுகின்றனர்.

ஆதலின் கோரப்பட வேண்டியவை தெளிவானவை. மக்களின் உயிரோடு தொடர்புடைய எந்தச் செய்நிரலிலும் எல்லையற்ற காத்திருப்பு இடம்பெறலாகாது. ஒவ்வொரு வாசிப்புக்கும் கால வரையறை வேண்டும். பூச்சியம், இன்மை என்னும் இரண்டும் பதிவேட்டில் வெவ்வேறு குறிகளால் எழுதப்படல் வேண்டும். நாளின் மொத்தத்தைக் கூறும்போது, எத்தனை மணித்தியாலம் அளக்கப்படவில்லை என்பதும் கூடவே கூறப்படல் வேண்டும். மௌனம் குறித்த நேரத்தைக் கடந்தால் அதுவே எச்சரிக்கையாக ஒலித்தல் வேண்டும். அவ்வொலி திரையிலே மின்னி மறைந்துபோகாது, தோட்டத்திலுள்ள ஒரு மனிதரைச் சென்றடைந்து, அவரை மழையங்கியோடும் கைவிளக்கோடும் மலைக்கு அனுப்புவதாக அமைதல் வேண்டும். அவர் வாசிக்கும் மொழியிலே, தமிழிலே, அஃது அமைதல் வேண்டும். விளங்காத மொழியில் வந்த எச்சரிக்கை வாராத எச்சரிக்கையே. இவ்விதிகள் எவ்வாறு எழுதப்பட்டுள்ளன என்பதை லயத்து மக்கள் கேட்டறியும் உரிமை உடையவராதல் வேண்டும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. கால வரையறைக்கு வேண்டிய வசதி முறைமையில் ஏலவே உள்ளது. இன்மையைக் குறிக்க ஒரு குறி போதும். பொசிக்ஸ் நியமத்தை வகுத்தோர் 1988இலேயே உணர்ந்த ஒன்றை, மலைச்சரிவின் கீழ் மனிதரைக் குடியிருத்தி வைத்திருப்போர் இன்னும் உணரவில்லை என்று கூறுதல் எவர்க்கும் பெருமை தராது.

அடுத்த பருவமழை அட்டன் மலைகளில் இறங்குங்கால், ஏதோ ஒரு குன்றில் ஒரு மானி பேசாது நின்றுவிடும். அதனோடு இணைந்த செய்நிரல் அந்நேரத்துக்குரிய கட்டத்தில் என்ன எழுதவேண்டும் என்பது மழை தொடங்கிய பின் தீர்மானிக்கக் கூடியதன்று. அதனை இன்றே தீர்மானித்தாக வேண்டும். தீர்மானிப்பவர் எவர் என்பதும் இன்றே கேட்கப்படல் வேண்டும்.